நந்தன் கேட்ட விடை

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட், ஈப்போவுக்கு வடக்கே கோலகங்சார் மாவட்டத்தில் உள்ள ஊர். ரப்பர்த் தோட்டங்களால் வளர்ந்த ஊர். அதன் பெயர் உலக வரலாற்று நூல்களில் ஏறியது ஒரே நாளின் நிகழ்ச்சியால். 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் காலை, அங்குள்ள இரு தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாட்களுக்குள் மலாயா முழுவதும் அவசரகாலம் நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டு ஜூலை வரை அது நீங்கவில்லை.

அந்த ஒரு நாளைப் பற்றிப் பல வாய்கள் பேசியிருக்கின்றன. ஆங்கில ஆட்சியினர் அதைப் பயங்கரவாதத்தின் தொடக்கம் என்றனர். மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைவராயிருந்த சின் பெங், 2003இல் வெளிவந்த தம் நினைவு நூலில், அக்கொலைகள் தலைமை இட்ட ஆணையால் நிகழ்ந்தவை அல்ல என்றார். அந்நூலின் பெயரே வரலாற்றில் தம் பக்கத்தைச் சொல்வதாக அமைந்திருந்தது. ஆக, இரு தரப்புக்கும் நூல் உண்டு. இரு தரப்புக்கும் குரல் உண்டு. அந்தத் தோட்டப் பகுதிகளில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய தமிழருக்கு என்ன உண்டு? துப்பாக்கி ஒலியைக் கேட்டவரும், அதன்பின் பன்னிரண்டு ஆண்டு ஊரடங்குக்கும் சோதனைக்கும் நடுவே வாழ்ந்தவரும் அவர்களே. வரலாற்று நூல்களில் அவர்கள் தொகையாக வருகின்றனர், சாட்சியாகச் சில இடங்களில் வருகின்றனர், பார்ப்பவராக வரவில்லை.

ஏடு எழுதாதவரின் பார்வையை எங்கே தேடுவது? நாடகத்தில் தேடலாம். ஒருவர் கண்டதை மற்றொருவர் கண்டபடி காணச் செய்வதற்கு நாடகத்தைப் போன்ற கருவி வேறில்லை. ஆயினும், பார்வையை மாற்றுதல் என்றால் என்ன என்பதில் நாடக எழுத்தாளரிடையே ஒரு மயக்கம் உண்டு. அதைத் தெளிந்துகொள்ளாமல் சுங்கை சிப்புட்டின் நாடகத்தை எழுதப் புகுந்தால், இருக்கும் இரு நூல்களுக்கு மூன்றாவது ஒரு வழக்குரையே கிடைக்கும்.

தலைகீழாக்கம் போதாது

கெட்டவன் என்று சொல்லப்பட்டவனை நல்லவனாகக் காட்டிவிட்டால் பார்வை மாறிவிட்டது என்று பலர் கருதுகின்றனர். இராவணனையும் துரியோதனனையும் நாயகராக்கி ஆர். எஸ். மனோகர் நடத்திய நாடகங்களைத் தமிழுலகம் நன்கறியும். அவை மக்களைக் கவர்ந்தன; பழங்கதையைக் கேள்வி கேட்கவும் தூண்டின. அது சிறு பயனன்று. ஆனால் தராசின் தட்டுக்கள் இடம் மாறியபோதும் தராசு அதுவாகவே இருந்தது. முன்பு ஒருவன் பக்கம் இருந்த நியாயம் முழுவதும் இப்போது மற்றவன் பக்கம் வந்தது. பார்ப்பவர் தம் இருக்கையிலிருந்து அசைய வேண்டிய தேவை எழவில்லை.

கிரேக்க நாட்டில் கி.மு. 472இல் எஸ்கிலஸ் ‘பாரசீகர்’ என்னும் நாடகத்தை அரங்கேற்றினார். சலாமிஸ் கடற்போரில் ஏதென்சு மக்கள் பாரசீகரை வென்று எட்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போரில் தாமே துடுப்புப் பிடித்தவர் பலர் அன்று அரங்கில் அமர்ந்திருந்திருப்பர். அவர்கள் முன் அவர் காட்டியது வெற்றி விழாவை அன்று. பாரசீக அரண்மனையில் மகனின் வரவை எதிர்நோக்கும் தாயை. பகைவர் செய்தது சரி என்று அவர் சொல்லவில்லை. அவர்களுடைய தோல்வியை அவர்களுடைய முற்றத்தில் நின்று காணச் செய்தார். பார்வை மாற்றம் என்பது இதுவே. தீர்ப்பு மாறாமலும் இருக்கலாம். நிற்கும் இடம் மாறவேண்டும்.

இம்மாற்றம் தமிழில் எவ்வாறு நிகழ்ந்தது என்பதைக் காண நந்தனார் கதையைவிடச் சிறந்த சான்று இல்லை. ஒரே கதை, எண்ணூறு ஆண்டுக்கு மேலாக, காப்பியமாகவும் கீர்த்தனையாகவும் திரைப்படமாகவும் நகைச்சுவைக் கதாகாலட்சேபமாகவும் நாடகமாகவும் உருமாறி வந்திருக்கிறது. ஒவ்வோர் உருவிலும் ஒரே கேள்விக்கு வேறு வேறு மறுமொழி கிடைக்கிறது: நந்தனைத் தில்லைக்குப் போகவிடாமல் தடுத்தது எது?

சேக்கிழார் கண்ட தடை

சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவார் என்ற பெயரளவில் நிற்பவரைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துப் பாடினார். ஆதனூர்ப் புலைப்பாடியை அவர் வருணிக்கும் பகுதி, சோழர் அமைச்சராயிருந்த ஒருவரின் கண் எவ்வளவு அருகில் சென்று பார்த்தது என்பதற்குச் சான்று. கூரைமேற் படர்ந்த சுரைக்கொடியும், குஞ்சுகளோடு திரியும் கோழியும், தோலின்மேல் உறங்கும் குழந்தையும், மரங்களில் தொங்கும் பறையும் அங்கே வருகின்றன. பேரிகைக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுப்பது நந்தனாரின் தொண்டு. திருப்புன்கூரில் அவர் காணும்பொருட்டு நந்தி விலகுகிறது.

தில்லைக்குப் போக விரும்பியவரைத் தடுத்தது யார்? சேக்கிழாரிடம் எவரும் இல்லை. பண்ணையாரும் இல்லை, வாயிற்காவலனும் இல்லை. தம் பிறப்பை எண்ணித் தாமே தயங்கி, நாளைப் போவேன் என்று நாட்களைக் கழிக்கிறார். தில்லையை அடைந்தபின்பும் எல்லையில் சுற்றி நிற்கிறார். தடை அவர் நெஞ்சினுள் இருக்கிறது. அதை நெஞ்சினுள் வைத்தவர் யார் என்று காப்பியம் கேட்பதில்லை. இறைவன் கனவில் தோன்றித் தீயிற் புகச் சொல்கிறான்; அவர் புகுந்து, முனிவர் வடிவுடன் எழுகிறார். புலைப்பாடிக்குள் புலவரின் கண் சென்றது. ஆனால் அங்கிருந்து குரல் எதுவும் வெளியே வரவில்லை.

வேதியர் வந்தபின்

ஏழு நூற்றாண்டு கழித்து அக்குரல் வந்தது. கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில்தான் பண்ணைக்கார வேதியர் முதன்முதல் தோன்றுகிறார். பெரியபுராணத்தில் இல்லாத பாத்திரம் இது. தஞ்சை வயல்களில் பாரதியார் கண்ட பாத்திரம். இவர் வந்த நொடியிலேயே கதை நாடகமாகிவிட்டது. நெஞ்சுக்குள் இருந்த தடை, வயல் வரப்பில் வந்து நின்று பேசத் தொடங்கிவிட்டது.

நந்தன் சிதம்பரம் போக விடை கேட்கிறான். வேதியர் சினக்கிறார், பின்பு, நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். ஓர் இரவில் சிவகணங்கள் வேலையை முடிக்க, விடிந்ததும் விளைந்த பயிரைக் கண்ட வேதியர் நந்தன் காலில் விழுகிறார்.

பாரதியார் மற்றொன்றும் செய்தார். சேரிப் பெரியவருக்கும் குரல் கொடுத்தார். நம் தெய்வங்களை விட்டு நீ ஏன் வேறிடம் போகிறாய், உன் ஒருவன் ஆசையால் நம் எல்லோருக்கும் கேடு வருமே என்று அவர்கள் அஞ்சுகின்றனர். நந்தனை எதிர்ப்பவர் மேலிடத்தில் மட்டும் இல்லை. தன் இனத்திலும் உள்ளனர். அவ்வெதிர்ப்பு வன்மத்தால் எழுந்ததன்று, அச்சத்தால் எழுந்தது. ஒரே பயணம் மூன்று இடங்களிலிருந்து பார்க்கப்படுகிறது. நந்தனுக்கு அது வீடுபேறு, வேதியருக்கு வேலைநாள் இழப்பு, சேரிக்கு ஆபத்து.

இக்கீர்த்தனை தோன்றியபோது புலமையுலகின் பார்வையும் சோதனைக்கு உள்ளானது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதில் இலக்கணப் பிழைகளைக் கண்டு சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார் என்றும், பாரதியார் பாடக் கேட்டபின் உருகித் தந்தார் என்றும் உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். ஏட்டில் பிழையாகத் தெரிந்தது இசையில் உயிராகத் தெரிந்தது. தமிழாசிரியர் எவரும் நினைவிற்கொள்ளவேண்டிய நிகழ்ச்சி இது.

எனினும் பாரதியாரின் நாடகத்தில் ஒரு குறை உண்டு. வேதியரின் பார்வை மாறுவது எதனால்? நந்தனின் சொல் அவரை மாற்றவில்லை. அவன் கண்ணீரும் மாற்றவில்லை. நாற்பது வேலியும் விளைந்து கிடந்த காட்சியே மாற்றியது. அறுவடைக்குப்பின் வந்த ஞானம் அது. பயிர் விளையாதிருந்தால் வேதியர் வேதியராகவே இருந்திருப்பார். அற்புதம் நிகழாத ஊரில் நந்தன் என்ன செய்வான் என்ற கேள்வியை இந்நாடகம் எழுப்பிவிட்டு நின்றுவிடுகிறது. 1935இல் கே. பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்த திரைப்படங்கள் வேதியருக்குப் பெரிய இடம் தந்து, பாரதியாரின் அமைப்பையே நாடெங்கும் பரப்பின. அக்கேள்வியும் அப்படியே நின்றது.

தோட்டத்தில் அமர்ந்து பார்த்தால்

இங்கே பார்ப்பவர் யார் என்பதும் கருதத்தக்கது. நாடகத்தின் பொருளில் ஒரு பாதி மேடையிலும் மறுபாதி இருக்கையிலும் உள்ளது. சென்னைச் சபையில் அமர்ந்தவருக்கு நந்தன் விடை கேட்கும் காட்சி பக்திச்சுவை. ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவருக்கு அது நாட்குறிப்பு. விடியற்காலைப் பிரட்டில் பெயர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் அன்றைய கூலி இல்லை. தைப்பூசத்துக்குப் போக வேண்டுமானால் கங்காணியிடம் சொல்ல வேண்டும். கங்காணி மண்டோரிடமோ கிராணியிடமோ சொல்ல வேண்டும். கிராணி துரையிடம் சொல்ல வேண்டும். ஆதனூர் நந்தனுக்கு வேதியர் ஒருவர். தோட்டத்து நந்தனுக்கு வேதியர் ஒரு ஏணி. அதன் கீழ்ப்படிகளில் நிற்பவர் அவன் மொழி பேசுபவர். சில வேளை அவன் ஊர்க்காரர்.

இந்த ஏணியை எண்ணினால், பாரதியாரின் நாடகத்தில் சேரிப் பெரியவர் பேசும் பகுதியே தோட்டத்தில் மிகுதியாகத் தைக்கக்கூடியது என்பது விளங்கும். ‘நீ போனால் எங்களுக்கு என்ன ஆகும்?’ என்பது வெறும் மூடநம்பிக்கையின் குரலன்று. 1948 ஜூன் மாதத்தில் அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு சட்டத்துக்குப் புறம்பாயிற்று. அதன் தலைவராயிருந்த தமிழர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் புடுச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அத்தகைய காலத்தில் லயத்துப் பெரியவர் இளைஞனின் கையைப் பிடித்து நிறுத்தினால், அவரைக் கோழை என்று சொல்லிவிட்டு நகர நல்ல நாடகம் இடம் கொடாது.

ரயிலும் தீயும்

அற்புதம் இல்லாமல் நந்தன் என்ன செய்வான் என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டில் இரண்டு மறுமொழிகள் வந்தன. ஒன்று கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் ‘கிந்தனார்’. 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்தில் இக்காலட்சேபம் இடம்பெற்றது. கிந்தன் கோயிலுக்குப் போகவில்லை, பள்ளிக்குப் போகிறான். சிவகணங்களின் இடத்தை ரயில் பெறுகிறது. தீயின் இடத்தைத் தேர்வு பெறுகிறது. படித்து, கல்வியதிகாரியாகத் திரும்புகிறான். காலட்சேபத்தின் மெட்டையும் உடையையும் வைத்துக்கொண்டே அதன் பயணத்தை வேறு திசைக்குத் திருப்பிய கலைவாணரின் கூர்மை பெரிது.

தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் நெஞ்சுக்கு உகந்த நந்தன் இவன்தான். சுங்கை சிப்புட்டில் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் 1954இல் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலை போன்ற பள்ளிகள் கிந்தன்களை உருவாக்கவே தோன்றின. ஆனால் கிந்தனின் வெற்றி ஒருவனின் வெற்றி. அவன் ஏறிச் சென்ற ரயிலை நடைமேடையில் நின்று பார்த்தவர்களிடம் கதை திரும்பி வருவதில்லை.

மற்றொரு மறுமொழி இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’. 1978இல் வந்த இந்நாடகத்தில் வேதியர் தனியாக இல்லை. நிலமுடைய பிற மேல்சாதியினரும் அவருடன் சேருகின்றனர். அபிராமி என்ற தேவதாசிப் பெண் நந்தனோடு இணைகிறாள். தீ அவ்விருவரையும் விழுங்குகிறது. அது தெய்வம் மூட்டிய தீயன்று. மனிதர் திட்டமிட்டு மூட்டிய தீ. 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் நாற்பத்து நால்வர் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். அதைப் பொருளாகக் கொண்டு ‘குருதிப்புனல்’ நாவலை எழுதியவர் இதே ஆசிரியர். வெண்மணிக்குப்பின் மேடைமேல் எழும் தீயைத் தமிழர் கண் பழைய கண்ணால் பார்க்க இயலாது. சேக்கிழார் சொன்ன அதே தீ, அதே தில்லை; பார்ப்பவரின் நினைவு மாறியதால் பொருள் மாறிற்று.

இந்நாடகத்தின் துணிவும் தேவையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை. ஆனால் இதிலும் ஒன்று விடுபடுகிறது. சூழ்ச்சி செய்பவர் எல்லாம் அறிந்திருக்கின்றனர், பார்ப்பவரும் அறிந்திருக்கின்றனர், நந்தன் மட்டும் அறியவில்லை. அவனுக்காக நெஞ்சு பதறுகிறது. அவன் கண்ணால் பார்க்க முடியவில்லை. வேதியரின் மனமாற்றம் பாரதியாரிடம் எளிதாக வந்தது. இங்கே அதற்கு இடமே இல்லை. ஒன்றில் வேதியர் அற்புதத்தால் நல்லவராகிறார். மற்றொன்றில் எவ்வகையாலும் ஆகார். இரண்டிலும் அவர் தம்மைத் தாமே பார்த்துக்கொள்வதில்லை.

தமிழில் ‘விடை’ என்ற சொல்லுக்கு எருது என்றும், போக அனுமதி என்றும், மறுமொழி என்றும் பொருள் உண்டு. இக்கதையின் வரலாறு அச்சொல்லுக்குள்ளேயே அடங்கும். சேக்கிழாரிடம் விடை விலகியது. பாரதியாரிடம் நந்தன் விடை கேட்டான். இக்காலத்தார் அவன் சார்பில் வேதியரிடம் விடை கேட்கின்றனர். அந்த மூன்றாம் விடை இன்னும் வரவில்லை.

சுங்கை சிப்புட்டுக்குரிய நாடகம்

இப்போது முதலிற் கண்ட ஊருக்குத் திரும்பலாம். 1948 ஜூன் 16ஐ மேடையேற்ற விரும்பும் எழுத்தாளர், துரையைக் கொடியவராகவோ, சுட்டவரை வீரராகவோ, அதற்கு மாறாகவோ காட்டிவிட்டால் நந்தன் கதை கற்பித்தது எதையும் கற்கவில்லை என்றாகும். லயத்து வாசலில் நாடகம் தொடங்க வேண்டும். துப்பாக்கி ஒலி தொலைவில் கேட்கட்டும். ஒருத்தி அடுப்பை அணைக்கிறாள். ஒரு கிழவர் மகனை வீட்டுக்குள் இழுக்கிறார். நாளைக்குப் பிரட்டு உண்டா, கூலி உண்டா என்று ஒருவன் கேட்கிறான். மூவரின் ஒழுக்கத்தையும் தீர்ப்பிடாமல் மூவரின் கண்ணையும் கொடுக்க முடிந்தால் அந்நாள் முதன்முறையாக அவர்களுடைய நாளாகும். எஸ்கிலஸ் பாரசீகத் தாய்க்குக் கொடுத்த இடத்தை, கொல்லப்பட்டவரின் வீட்டுக்கும் அந்நாடகம் கொடுக்க வேண்டும். தன் துயரை அறிந்த மேடை பிறர் துயரையும் அறியும்.

ஆனால் அந்நாடகம் 1948இல் முடிந்துவிடக் கூடாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் பத்து வெள்ளி செலுத்திப் பங்குதாரராயினர்; சங்கம் தோட்டங்களை வாங்கிற்று. நாடகக் கண்ணோடு பார்த்தால் இது பெரிய திருப்பம். பிரட்டில் பெயர் சொல்லி நின்றவன் உடைமையாளரின் பக்கத்துக்கு வருகிறான். நிற்கும் இடம் மாறிவிட்டது. பார்வை என்ன ஆயிற்று?

இன்று மலேசியத் தோட்டங்களில் வேலை செய்பவருள் பெருந்தொகையினர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். தமிழர் விட்டுச்சென்ற வேலையும் குடியிருப்பும் பல இடங்களில் அவர்களுடையவை. அவர்களுள் ஒருவன் நோன்புப் பெருநாளுக்கு ஊர் போக விடை கேட்டு வருகிறான் என்று கொள்க. விடை கொடுக்கவேண்டிய நாற்காலியில் இருப்பவர், பாட்டனார் காலத்தில் லயத்தில் பிறந்த குடும்பத்தின் தமிழர். வேலை முடியவில்லை; ஆள் இல்லை. அவர் என்ன சொல்வார்?

பாரதியாரும் எழுதாத, இந்திரா பார்த்தசாரதியும் எழுதாத காட்சி இதுதான். இங்கே சிவகணங்கள் வரமாட்டா. சூழ்ச்சிக்காரரும் தேவையில்லை. வேதியரின் நாற்காலியில் நந்தனின் பேரனே அமர்ந்திருக்கிறான். எதிரில் நிற்பவனிடம் தன் பாட்டனைக் காண்பானா, காணமாட்டானா என்பது மட்டுமே நாடகம். மூன்றாம் விடையை வேறு எவரிடமும் கேட்கவேண்டியதில்லை.

பள்ளிகளில் நந்தனார் நாடகம் நடத்தும் ஆசிரியர்களுக்கு இதில் ஓர் எளிய வழி உண்டு. வழக்கமாகக் குரல்வளம் உள்ள மாணவன் நந்தனாகவும் உயரமானவன் வேதியராகவும் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். ஒத்திகையில் ஒருநாள் அவர்களை இடம் மாற்றி நிறுத்தலாம். நேற்று விடை கேட்டவன் இன்று மறுத்துப் பார்க்கட்டும். மறுக்கும் சொல் அவன் வாயில் எளிதாக வருகிறதா, தடுக்கிறதா என்பதை ஆசிரியர் கவனித்தால் போதும். தடுக்கும் இடத்தில் அவனுக்கு நாடகம் தொடங்கிவிட்டது. எளிதாக வந்தால், அங்கே கற்பிக்கவேண்டியது இன்னும் இருக்கிறது.